ஓடிஐ ஏஜென்ட்: தனியாக ஓடட்டுமா, வெப்லாஜிக்கில் ஏற்றலாமா?

தரவை ஓரிடத்திலிருந்து எடுத்து, மாற்றி, இன்னோரிடத்தில் ஏற்றும் மென்பொருள் ஆரக்கிள் டேட்டா இன்டக்ரேட்டர் (ஓடிஐ). இதில் தரவை மாற்றும் வேலையின் பெரும்பகுதி டேட்டாபேஸிலேயே நடக்கிறது. ஏஜென்ட் என்ற புரோகிராம், ரெப்பாசிட்டரி என்ற ஓடிஐ-யின் சேமிப்பிடத்திலிருந்து சினாரியோவை (ஓட்டத் தயாராக உள்ள வேலையை) எடுத்து, எஸ்க்யூஎல் கட்டளைகளை வரிசையாக அனுப்பி, ஒவ்வொரு படியின் முடிவையும் பதிவு செய்கிறது. மேஸ்திரி வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டலோன் ஏஜென்ட் தனியாக ஓடும் ஒரு சாதாரண ஜாவா புராசஸ். வழக்கமான போர்ட் 20910. இதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோப்புகள் வந்து விழும் சர்வரிலேயே நிறுத்தினால், கோப்பை டேட்டாபேஸில் ஏற்றும் லோடர் கருவிகளையும் ஷெல் கட்டளைகளையும் அங்கேயே ஓட்டிவிடலாம். ஜேடிபிசி (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் முறை) வழியாக ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றும்போது ஒவ்வொரு வரிசையும் ஏஜென்ட்டுக்குள் புகுந்துதான் போகும். அப்போது இந்த அருகாமைக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்தப் புராசஸ் விழுந்தால், அதை நம்பியிருந்த வேலைகளின் நேர அட்டவணையும் நின்றுவிடும்.

ஜேஇஇ (ஜாவா என்டர்பிரைஸ்) ஏஜென்ட், வெப்லாஜிக் என்ற ஆரக்கிளின் அப்ளிகேஷன் சர்வருக்குள் இயங்குகிறது. கனெக்‌ஷன் பூலிங் (திறந்த டேட்டாபேஸ் இணைப்புகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது), கிளஸ்டர் (பல சர்வர்கள் ஒன்றாக இயங்குவது) இரண்டும் கிடைக்கும். கிளஸ்டரில் ஒரு நோடு (ஒரு சர்வர்) போனால் நேர அட்டவணையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். அப்போது ஓடிக்கொண்டிருந்த செஷன் (சினாரியோவின் ஓட்டம்) மட்டும் தானாகத் தாவாது, மீண்டும் தொடங்க வேண்டும். அப்புறம், வெப்லாஜிக்கைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

சின்னக் குழு என்றால் ஸ்டாண்டலோனில் தொடங்குங்கள். இரவு லோடு தவறினால் காலையில் வியாபாரமே நிற்கும் இடத்தில் ஜேஇஇ-தான் சரி. கோப்பு வேலைகளுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டலோனையும் வைத்துக்கொள்ளலாம்.