அம்மாவோடு போக எந்தக் காடு: கோலசிலாங்கூரா, கெப்போங்கா?

அம்மா நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். போன பள்ளி விடுமுறையில், "வெட்டாத மரம் நிக்கிற இடத்துக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போ" என்றார். பெஸ்தாரி ஜெயா என்று எங்கள் ஊர்ப் பலகை மாறினாலும் எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்ப இரண்டு இடங்கள் தோதுப்படும்: கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா, கெப்போங்கில் ஃப்ரிம் (மலேசிய வன ஆய்வு நிலையம்) காடு. இரண்டுக்கும் அம்மாவைக் கூட்டிப்போய் வந்துவிட்டேன். முட்டிவலிக்காரர்களோடு போவதென்றால் ஃப்ரிம்தான்.

தூரம் பார்த்தால் கோலசிலாங்கூர்தான் பக்கம். புக்கிட் மெலாவாத்தி அடிவாரத்தில் 1987-ல் தொடங்கிய பூங்கா. பிள்ளைகளுக்கு அங்கே கொண்டாட்டம்: சாம்பல் நிற லோத்தோங் குரங்கு, அதன் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி. கொசு உண்டு, எண்ணெய் தடவிக்கொண்டு போங்கள்.

சிக்கல் நேரத்தில்தான். செப்டம்பருக்குப் பிறகு வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகள் அலைக்குக் கட்டுப்பட்டவை. நீர் வற்றினால் சேற்றில் இரை தேடி வெகுதூரம் போய்விடும்; ஏறினால்தான் கரைப்பக்கம் ஒதுங்கும். நாங்கள் போனது காலை பத்து மணிக்கு, நீர் வற்றிய நேரம். பறவைகள் கடலோரம் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தன. வரப்பில் நிழலும் இல்லை. அம்மா பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடல் சொல்லும் நேரத்துக்குக் கிளம்ப வயசான உடம்பு ஒத்துழைக்காது.

ஃப்ரிம்மில் அந்தக் கணக்கே வேண்டாம். நிழல் எப்போதும் இருக்கிறது, தார்ச்சாலையும் இருக்கிறது. அம்மா தன் வேகத்தில் நடந்தார். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-களில் மரம் நடத் தொடங்கி மனிதர்கள் எழுப்பிய காடு இது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தோட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காடு சீக்கிரம் பிடிபடும். "நட்ட காடா? நம்பவே முடியலையே" என்று அம்மா அடிமரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். செம்பனை (எண்ணெய்ப்பனை) நடுவதற்காகப் பால்மரங்களைச் சாய்த்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அங்கே கப்பூர் மரங்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தொடாது. நடுவில் வாய்க்கால் மாதிரி வானம் ஓடும். கிளைகள் உரசித் தேய்வதால் வந்த இடைவெளி இல்லை, பக்கத்து மரத்தின் நிழலை உணர்ந்து கொழுந்து தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்பது இங்கேயே இந்த மரங்களை ஆராய்ந்தவர் 1977-ல் சொன்ன விளக்கம். உதிர்ந்த இலையொன்றைக் கசக்கி அம்மாவிடம் நீட்டினேன். "கற்பூர வாசம்டா!" என்றார். உண்மைதான், பழைய பச்சைக் கற்பூரம் இந்த மரத்திலிருந்து எடுத்ததுதான். அதற்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸில் தமிழ் வணிகர்கள் 1088-ல் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள்.

இரண்டு இடத்துக்கும் வெயில் நாளில்தான் போயிருக்கிறேன். அடைமழைக் காலத்தில் ஃப்ரிம்மின் மண்பாதைகள் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, அம்மாவைத் தார்ச்சாலையை விட்டு இறக்கவும் இல்லை. கோலசிலாங்கூருக்கு நவம்பரில் இன்னொரு தடவை போவேன், அலை அட்டவணையைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு மட்டும். அம்மாவுக்கு வேண்டியது அந்தக் கப்பூர் இலைதான். சாமி மேடையில் காய்ந்துபோய்க் கிடக்கிறது, இன்னொன்று கேட்கிறார்.