வால்டர் ஆர்னாட், டான் டாய்ல்: காசு வாங்காதவரும் வாங்கியவரும்

இருவருமே 1880களில் எழுந்த ஸ்காட்லாந்துக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர்கள். ஆர்னாட் வலப்பக்கம், டாய்ல் இடப்பக்கம்.

ஆர்னாட் ஆடிய கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க், ஆட்டத்துக்குக் காசு கூடாது என்பதில் பிடிவாதமான கிளப். 1884, 1885 இரண்டு ஆண்டும் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டிக்குப் போய் அந்நாட்டுக் கிளப்பான பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் தோற்றது. ஸ்காட்லாந்து அணிக்காக, இங்கிலாந்துக்கு எதிராகவே பத்துப் போட்டிகள் ஆடியவர் ஆர்னாட். சம்பளம் மட்டும் இல்லை.

இங்கிலாந்து 1885-லேயே தொழில்முறை ஆட்டத்தை, அதாவது காசு வாங்கி ஆடுவதை, ஏற்றுக்கொண்டது. டாய்ல் எல்லை தாண்டினார். எவர்ட்டன் கிளப்புடன் 1890-91 இங்கிலாந்து லீக் பட்டம் வென்றார். அப்புறம்தான் வேடிக்கை: 1891-ல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்பில் சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் சம்பளம் சட்டப்படி ஆனதோ 1893-ல்! இடைப்பட்ட காலத்தில் அவர் பெயருக்குத்தான் அமெச்சூர், அதாவது காசு வாங்காத ஆட்டக்காரர். செல்டிக் ஒரு மதுக்கடையைக் கொடுத்துத்தான் அவரை இழுத்தது என்று சொல்வார்கள். அங்கே நான்கு லீக் பட்டங்கள். ஒழுங்கு விஷயத்தில் சொல்லவே வேண்டாம்: 1895-ல் இங்கிலாந்துப் போட்டிக்கு முந்தைய இரவு ஸ்காட்லாந்து அணித் தலைவரான டாய்லையே காணோம்!

நேர்த்திக்கு ஆர்னாட், சரி. ஆனால் கூலித் தொழிலாளி வீட்டுப் பையனுக்கு டாய்லின் வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பேன். காசில்லாமல் ஆட, வேறு வருமானம் வேண்டுமே.