நர்சிங் டிப்ளமா என்று 85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: பிள்ளைகளைச் சேர்க்கும் முன் படியுங்கள்

85,000 ரூபாய். அம்மா மகளிர் குழுவில் எடுத்த லோன், அவர் கழுத்துச் செயினை அடகு வைத்தது, நான் எடுத்த பி.எஃப். பணம், எல்லாம் சேர்த்து 85,000. அதோடு என் தங்கச்சியின் இரண்டு வருஷம். எல்லாம் போய்விட்டது என்று இந்த வாரம்தான் உறுதியானது. பிளஸ் டூ ரிசல்ட் வந்து வீட்டுக்கு வீடு அட்மிஷன் பேச்சு ஓடும் நேரம் இது. அதனால் கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காமல் எழுதுகிறேன். நர்சிங் சேர்க்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பணம் வாங்கிய இடத்தின் பெயரை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய காம்ப்ளெக்ஸ். கீழே செல்போன் கடை, மேலே இரண்டு மாடியில் 'பாராமெடிக்கல் அண்ட் நர்சிங்' என்று நீளமான போர்டு. போர்டில் 'மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது' என்று சிவப்பு எழுத்து. இந்த மாதிரி ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். அப்பா இல்லை. தங்கச்சி அரசுப் பள்ளியில் காமர்ஸ் குரூப் படித்தவள். எங்கள் பாட்டி பக்கவாதம் வந்து படுத்தபோது படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, மாத்திரை நேரம் தவறாமல் பார்த்துக்கொண்டது அவள்தான். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அப்போதிருந்தே அவள் ஆசை. பிரைவேட் காலேஜில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமாவை விசாரித்தால் ஹாஸ்டலோடு லட்சக்கணக்கில் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா இந்த இடத்தின் நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தார்.

உள்ளே போனதும் வெள்ளை கோட் போட்ட ஒரு மேடம் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். "அம்மிணி, காமர்ஸ்னு கவலைப்படாத. ரெண்டு வருஷ டிப்ளமா. ஏ.என்.எம்.முக்கு ஈக்குவல். கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனும் வேலையும் எங்க பொறுப்பு" என்றார். ஏ.என்.எம். என்றால் துணை நர்ஸ் படிப்பு. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில வேலைக்குப் போலாமுங்களா?" "எம்.ஆர்.பி. எக்ஸாமே எழுதலாம்மா" என்று பதில். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியம் அது. பிறகு செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். யூனிஃபார்மில் ஒரு பெண். "எம் பொண்ணுதான். இங்கதான் படிச்சா. இப்ப கோயம்புத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். எம் பொண்ணையே சேர்த்த எடத்துல உங்க பொண்ணை நான் ஏமாத்துவனாம்மா?"

பெற்ற பெண்ணைக் காட்டிப் பேசும் ஒருத்தியை என் அம்மா எப்படிச் சந்தேகப்படுவார்? அப்போதே பையிலிருந்து 15,000 எடுத்து வைத்துவிட்டார். அது அட்மிஷன். வருஷத்துக்கு 30,000 என்று இரண்டு வருஷம். யூனிஃபார்ம், எக்ஸாம் ஃபீஸ் என்று பிறகு 10,000. ஆக 85,000.

அட்மிஷன் அன்று தங்கச்சி அங்கே சுவரோரம் நின்று எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது. பின்னால் கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழ்கள். இப்போது பெரிதாக்கிப் படித்துப் பார்த்தேன். ஒன்று ஐ.எஸ்.ஓ. 9001. நிர்வாக முறைக்குத் தருவது அது, எந்தக் கம்பெனியும் வாங்கலாம், படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று டிரஸ்ட் பதிவு. மூன்றாவதில் இந்திய அரசு என்று இருக்கிறது, ஆனால் அது சிறுதொழில் செய்பவர்கள் எடுக்கும் உத்யம் பதிவு. நம் விவரத்தை நாமே கொடுத்து ஆன்லைனில் இலவசமாக எடுத்துக்கொள்வது. டெய்லர் கடைக்கும் கிடைக்கும். அதைத்தான் மத்திய அரசு அங்கீகாரம் என்று போர்டில் எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பு வாரத்தில் பாதி நாள் நடக்காது. 'ப்ராக்டிகல்' என்று ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார்கள். அங்கே நைட் டியூட்டி, தரை துடைப்பது, பெட்பேன் எடுப்பது. ஒரு பிரசவத்தைக்கூடப் பக்கத்தில் நின்று பார்க்க விடவில்லை. சம்பளமும் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, எங்களுக்கு ஏன் வரவில்லை என்று தங்கச்சி கேட்டிருக்கிறாள். "நம்ம காலேஜ் பேரு அடுத்த வருஷம் லிஸ்ட்ல வந்துரும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள்.

கோர்ஸ் முடிந்து கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு இன்டர்வியூ போனோம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் சர்டிஃபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவுன்சில் நம்பர் எங்கம்மா?" என்றார். அப்புறம் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். நர்ஸாக வேலை பார்க்க மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம், அதையும் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் படித்திருந்தால்தான் பதிவு. தங்கச்சி கையில் இருப்பதை வைத்து ஆயா வேலைக்குத்தான் எடுக்க முடியும் என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. தங்கச்சி வெளியே வரும் வரை அழவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவே முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்த அதே மேடம், "அப்ளை பண்ணிருக்கோம்மா, வந்துரும்" என்றார். அடுத்த முறை "சார் டெல்லி போயிருக்காரு". அப்புறம் "மேனேஜ்மென்ட் மாறிடுச்சு, பழைய பேட்ச் எங்களுக்குத் தெரியாது". கவுன்சில் லிஸ்டில் உங்கள் பெயரே இல்லையே என்று நான் சத்தம் போட்டதும், "நாங்க ஈக்குவல்னுதான் சொன்னோம், ஏ.என்.எம்.னு சொல்லவே இல்லை" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதைப் படிக்கச் சொல்கிறார். 85,000 ரூபாய்க்கும் கொடுத்த ரசீதுகளில் 'நன்கொடை' என்று அச்சடித்திருக்கிறது. ஃபீஸ் என்ற வார்த்தை எதிலும் இல்லை. நன்கொடைக்கு ரீஃபண்ட் கிடையாதாம். தங்கச்சியின் பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட் அவர்களிடம் இருக்கிறது. அதைக் கொடுக்க 'கிளியரன்ஸ்' என்று இன்னும் 6,000 கேட்கிறார்கள். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் மனு கொடுத்தாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் இல்லை என்று வக்கீல் சொன்னார்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் முன் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் வெப்சைட்டில் அந்த இடத்தின் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பி.எஸ்சி. என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஈக்குவல்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆறு மாசம், ஒரு வருஷம் என்று விற்கும் எதற்கும் நர்ஸ் பதிவு கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நர்சிங் டிப்ளமா இருக்கிறது, கட்டணம் மிகக் குறைவு. மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு அறிவிப்பு வரும்போது முதலில் அதற்கு அப்ளை செய்யுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்காதீர்கள். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே படியுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

எங்கள் பேட்சிலேயே நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று வீட்டில் அடக்கி வைத்திருக்கிறார்கள். மேலே சொன்னதை வைத்து எந்த இடம் என்று உங்களுக்குப் புரிந்திருந்தால், நன்கொடை ரசீதுகளைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் செய்யுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து மனு கொடுப்போம்.