புளிக்கும் தேக்குக்கும் எந்த செயின் சா? 070, சைனா 58, 72 சிசி: ஓர் அலசல்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மரம் எடுக்கிறவர்களுக்கு ஒரே மாதிரி மரம் அமைவதில்லை. இன்றைக்கு ரோட்டோரப் புளி, நாளைக்குத் தோட்டத்துத் தேக்கு, அடுத்த வாரம் வால்பாறை எஸ்டேட்டில் சில்வர் ஓக். சேகேறிய, அதாவது உள்ளே வைரம் பாய்ந்த புளி மெஷினை முக்க வைத்துவிடும். தேக்கு அதைவிட இலகுவாகத்தான் அறுபடும், ஆனால் அந்த மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது. செயின் பல்லைத் தேய்த்துத் தீர்த்துவிடும். சில்வர் ஓக்கில் வம்பு குறைவு, அங்கே வேகம்தான் காசு.

இந்த மூன்றையும் சமாளிக்க ஒரு மெஷின் வாங்கப் போகிறவர் முன்னால் நான்கு வழி இருக்கிறது. ஸ்டில் கம்பெனியின் பழைய 070, அல்லது அதைப் பார்த்துச் செய்த நகல். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சைனா 58 சிசி. ஸ்டில் எம்எஸ் 382, ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி என்ற 70 சொச்சம் சிசி ஜோடி. கடைசியாக, உள்ளே கம்ப்யூட்டர் வைத்த புது மெஷின்கள். பேட்டரி மெஷினை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. கரண்ட் இல்லாத காட்டில் நாள் முழுக்கத் தடி அறுக்க அதை நம்பிப் போக முடியாது. என் ஓட்டு மூன்றாவதுக்கு.

முதலில் 070. இந்த மெஷின் மேல் பழைய ஆட்களுக்கு இருக்கும் பக்தி சும்மா வந்ததில்லை. 106 சிசி, 4.8 கிலோவாட். சுழற்சி குறைவு, இழுவை அதிகம். மூன்றடி பிளேடை (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்டு முழுப் புளிக்குள் இறக்கினாலும் திணறாமல் இழுத்துக்கொண்டு போகும். லாரி போகாத இடத்தில் தடியை அங்கேயே நீளவாக்கில் பிளந்து பலகையாக இறக்குகிறவர்களுக்கு இன்றும் அதுதான் முதல் தேர்வு. உள்ளே சிக்கலான சமாச்சாரம் எதுவும் இல்லை. மரத்தடியிலேயே கழற்றி மாட்டலாம்.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? எடை ஒரு காரணம்: பிளேடு, செயின் இல்லாமலே பத்து கிலோவைத் தாண்டும். அதைவிடப் பெரிய காரணம், பழைய 070-இல் செயின் பிரேக் கிடையாது. பிளேடு நுனியின் மேல்பாதி ஒரு கிளையில் பட்டாலும் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். இன்றைய மெஷின்களில் முன்னால் இருக்கும் தடுப்பு அந்தத் துள்ளலிலேயே விழுந்து செயினை நிறுத்திவிடும். 070-இல் நிறுத்துவது உங்கள் கைப்பலம் மட்டும்தான். அதிர்வும் அப்படியே கைப்பிடிக்கு வரும். வருஷக்கணக்கில் அதைப் பிடித்தவர்களுக்குக் குளிர்காலக் காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். பிறகு மெஷினை விட்டாலும் அது முழுதாகச் சரியாவதில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. அதன் 0.404 செயின் (எண், கண்ணி இடைவெளி அங்குலத்தில்) தடிமனானது, ஒவ்வோர் அறுப்பிலும் அதிக மரத்தைத் தூளாக்கும். தேக்கைக் கன அடிக் கணக்கில் விற்கிறவருக்கு அந்தத் தூளும் காசுதான்.

பெரிய மரத்துக்கு நீளப் பிளேடு வேண்டாமா என்று கேட்பார்கள். இருபது அங்குலப் பிளேடால் மூன்றடி விட்ட மரத்தைத் தாராளமாகச் சாய்க்கலாம், இரண்டு பக்கமும் வந்து அறுத்தால். சாய வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் திறந்த மாதிரி வெட்டி ஆப்பை எடுத்துவிடுங்கள். பின்னாலிருந்து அறுத்து வரும்போது, அந்த வாய்க்கும் பின் அறுப்புக்கும் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேண்டும். மூன்றடி மரத்துக்கு அது மூன்றரை அங்குலம். மரம் அந்தப் பட்டையில் மடிந்துதான் திசை மாறாமல் விழும். வயதான புளி பெரும்பாலும் உள்ளே பொந்து. பிளேடை நேராக உள்ளே செலுத்திப் பார்க்கும்போது தூள் கறுத்து ஈரமாக வந்தால் மடிப்புக்கு நம்புகிற அளவு சதை அங்கே இல்லை என்று அர்த்தம். அந்த மரத்தை முதலில் கயிறு கட்டி இழுத்து நிறுத்தாமல் தொடக்கூடாது. இந்த இடத்தில் எத்தனை சிசி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

சைனா 58 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் 58 சிசி என்று இருக்கும், இருபத்திரண்டு அங்குலப் பிளேடும் மாட்டியிருப்பார்கள். பக்கத்தில் பவரையும் எழுதியிருப்பார்கள், அதைப் பாருங்கள்: இரண்டேகால், இரண்டரை கிலோவாட். ஸ்டில் எம்எஸ் 250 வெறும் 45 சிசியில் 2.3 கிலோவாட் தருகிறது. ஆக, நீங்கள் வாங்குவது பெரிய பிளேடு மாட்டிய சின்ன மெஷின். தென்னை, சீமைக்கருவேலம், விறகு, வீட்டுத் தோட்டம், இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். தினமும் புளி அறுக்கிறவருக்கு மதியத்துக்குள் சூடேறி நின்றுவிடும். கிளட்ச், ஆயில் பம்ப் என்று ஒவ்வொன்றாகக் கழன்று வரும்போது, மிச்சம் பிடித்த காசு கூலி நாளாகக் கரைந்திருக்கும்.

இனி நிஜமான போட்டி. எம்எஸ் 382: 72.2 சிசி, 3.9 கிலோவாட், 6.2 கிலோ. 372 எக்ஸ்பி: 70.7 சிசி, எக்ஸ்-டார்க் என்ற புது வகை இன்ஜின் வந்த பிறகு 4.1 கிலோவாட், எடை கொஞ்சம் கூடுதல். 070-இன் பவரில் பெரும்பகுதி, பாதிக்குக் கொஞ்சம் மேலான எடையில். காகிதத்தில் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இரண்டில் எது பெரியது என்று டீக்கடையில் சண்டை போடலாம், மரத்தில் வித்தியாசம் தெரியாது. 372 உயர் சுழற்சியில் சுறுசுறுப்பு, சில்வர் ஓக்கில் கைக்கு இதமாக ஓடும். 382 அழுத்திப் பிடித்தாலும் சுழற்சி விடாமல் நிற்கும் என்பது என் கை சொல்வது. புளி அதிகம் எடுப்பவர் அதை விரும்பலாம். காசு கொஞ்சம் இடித்தால் ஹஸ்க்வர்னா 365 இருக்கிறது. 372-இன் உடம்பேதான், அதே 70.7 சிசி, பவர் மட்டும் 3.6 கிலோவாட்.

உண்மையில் தீர்மானிப்பது உங்கள் ஊர் மெக்கானிக். டவுனில் யாரிடம் எந்தக் கம்பெனியின் கார்ப்பரேட்டர் கிட், பிஸ்டன் ரிங், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் கையிருப்பில் இருக்கிறதோ அந்த மெஷினை வாங்குங்கள். கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வர மூன்று நாள் ஆகுமென்றால், அந்த மூன்று நாளும் ஆட்களுக்குச் சும்மா சம்பளம்.

இரண்டு கம்பெனி மெஷினையும் ஒரே செட்டில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபது அங்குலத்துக்கு இரண்டிலும் 3/8 செயின்தான், இரண்டிலும் 72 கண்ணிதான். ஆனால் பிளேடின் பள்ளத்துக்குள் ஓடும் அடித்தகடு ஸ்டில் செயினில் பொதுவாக 1.6 மில்லிமீட்டர், ஹஸ்க்வர்னாவுடையது 1.5. ஸ்டில் செயின் ஹஸ்க்வர்னா பிளேடின் பள்ளத்தில் இறங்காது, அதனால் ஆபத்தில்லை. ஹஸ்க்வர்னா செயினை ஸ்டில் பிளேடில் போட்டால் இறங்கிவிடும். பள்ளத்துக்குள் ஆடி ஆடி ஓடி, அறுப்பு ஒரு பக்கமாக வளையும். கடையில் நீளத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், தகட்டு அளவையும் கேளுங்கள்.

நான்காவது வகை: எம்எஸ் 661 (91 சிசி, 5.4 கிலோவாட்), 2019-இல் வந்த, பெட்ரோலை இன்ஜெக்‌ஷனில் கொடுக்கும் எம்எஸ் 500i போன்றவை. 106 சிசியில் 070 தந்ததைவிட 91 சிசியில் அதிகம் வருகிறது என்பதிலேயே காலம் எவ்வளவு போய்விட்டது என்று தெரியும். ரிப்பேருக்குக் கம்பெனியின் கருவி வேண்டும் என்பதால் நம் ஆட்கள் இவற்றைக் கண்டு பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் ஒரு விஷயத்தில் புது மெஷின் பக்கம்தான் நியாயம்: பெட்ரோல். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கையால் திருகி டியூன் பண்ணும் கார்ப்பரேட்டருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் போனால் ஓட்டம் கெடும் என்று ஸ்டில் கையேடே சொல்கிறது. எம்-ட்ரானிக் (கார்ப்பரேட்டரைத் தானே டியூன் பண்ணும் ஸ்டில்லின் கம்ப்யூட்டர்) வைத்த மெஷின்களோ 25 சதவீதம் வரை தாமே சரிசெய்துகொள்ளும். நாள் முழுக்கப் பெரிய தடியிலேயே நிற்கிற, டீலர் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு 661 சரியான வாங்கல். 382, 372 வைத்திருப்பவர்கள் கலந்த பெட்ரோலை டேங்கில் போட்டு வாரக்கணக்கில் மூலையில் வைக்கக்கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்ப்பரேட்டர் டயாபிரம் விறைத்துவிடும். ஆயில் கலவையிலும் கை நடுங்க வேண்டாம்: ஸ்டில் மெஷினில் கம்பெனி ஆயில் என்றால் ஐந்து லிட்டருக்கு 100 மில்லி, வேறு டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 200.

இவ்வளவு பேசினாலும், ஒரு நாளில் எத்தனை மரம் விழும் என்பதை இன்ஜினைவிடச் செயின்தான் முடிவு செய்கிறது. இன்றைய செயின் பல்லின் வடிவமே ஓர் மரத்தொழிலாளியின் கண்ணில் பட்டதுதான்: 1946-இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ், மரத்தை இழைக்குக் குறுக்காகவும் நீளவாக்கிலும் தின்று போகும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து அந்த வளைந்த பல்லை உருவாக்கினார். அதிலும் இரண்டு ஜாதி. மூலை கூராக இருக்கும் ஃபுல் சிசல் வேகமானது, சுத்தமான சில்வர் ஓக்குக்கு ஏற்றது. மூலை உருண்ட செமி சிசல் கொஞ்சம் மெதுவு, ஆனால் மண்ணும் தூசியும் ஏறிய ரோட்டோரப் பட்டையிலும், தேக்கிலும் கூர் நெடுநேரம் நிற்கும். புளியும் தேக்கும் அடிக்கடி அறுக்கிறவர் செமி சிசலையே எடுக்கட்டும். கார்பைடு முனை வைத்த செயின் மண்ணைத் தாங்கும். ஆனால் சாதாரண அரம் அதில் ஏறாது, ரோட்டோரப் புளிக்குள் புதைந்திருக்கும் பழைய போர்டு ஆணியில் பட்டால் முனையே தெறித்துவிடும்.

கூர் போனதைத் தூளைப் பார்த்தே சொல்லலாம். சீவல் சீவலாக வந்தால் சரி. மாவாக வந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். ஸ்டில் 3/8-க்கு 5.2 மில்லிமீட்டர் அரம், ஹஸ்க்வர்னா, ஓரிகன் 3/8-க்கு 5.5. வழக்கமான கோணம் 30 டிகிரி. சேகேறிய புளிக்கு 25-க்குக் குறைத்துப் போட்டால் கூர் கொஞ்சம் கூட நேரம் தாங்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளந்துவிட அதன் முன்னால் நிற்கும் மொட்டு, அதைப் பல்லின் உச்சியிலிருந்து 0.65 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தினால் வேகம் வரும் என்று சிலர் ராவிவிடுகிறார்கள். கடின மரத்தில் அது வெறும் உதறல், துள்ளலுக்கும் வழி. கிளை கழிக்க 382-ஐத் தூக்கிக்கொண்டு ஏறாமல், நாலு கிலோ எம்எஸ் 180 ஒன்று கூட இருந்தால் சாயங்காலம் தோள் நன்றி சொல்லும்.

புதுசுக்குக் காசு எட்டாதவர்கள் செகண்ட் ஹேண்ட் 72 சிசி வாங்கலாம், சைனா புதுசைவிட அது மேல். சூடாக ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவதை நம்பாதீர்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள்: கயிறு விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது, சரசரவென்று இறங்கினால் இல்லை. பிறகு சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் விலை பேசலாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சிராய்த்திருந்தால் ஆயில் குறைத்து ஓட்டிய மெஷின். பிஸ்டன், சிலிண்டர் இரண்டும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலையைச் சொல்ல வேண்டும்.