ஹட்டன் ஸ்டிக்கர் கடையும் எங்கள் விண்கப்பல்களின் பெயர்களும்

ஓட்டோவுக்கும் பஸ்சுக்கும் ஸ்டிக்கர் வெட்டுகிற ஒரு கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, ஆனால் ஸ்டிக்கர் கடை என்று எந்த ஓட்டோ அண்ணனைக் கேட்டாலும் காட்டுவார். நான் கொண்டுபோனது வேறு வேலை. அக்கா மகன்கள் இரண்டு பேரும் நானும் இரண்டு வருசமாகக் காட்போட்டிலும் பி.வி.சி. பைப்பிலும் ஒரு விண்வெளிக் கடற்படை கட்டி வருகிறோம். இப்போதைக்குப் பதினொரு கப்பல், பெரியது ஒரு முழம் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் வர வேண்டும், அதுவும் தமிழில். எழுத்துக்கு ஐந்து மில்லிமீற்றர் உயரத்துக்கு மேல் இடம் இல்லை.

இதற்கு முன் வேறொரு ஊரில் கொடுத்துப் பணம் வீணானது. நான் யூனிகோடில், அதாவது இப்போது போனிலும் இணையத்திலும் தமிழ் எழுதுகிற முறையில், அனுப்பியதைப் பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டி, படித்துக்கூடப் பார்க்காமல் வெட்டிவிட்டார்கள். கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'டெவோன்' என்ற பெயரைப் பார்த்த சின்னவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹட்டன் அண்ணன் என் பட்டியலை வாங்கி முதலில் சத்தமாக வாசித்தார். அப்புறம் "தம்பி, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அருவி, இது என்ன கணக்கு?" என்று கேட்டார். பெயருக்கு ஒரு முறை இருக்கிறது என்றேன். நிஜக் கடற்படைகள் பலவற்றில் ஒரே அமைப்பில் கட்டுகிற கப்பல்களுக்கு முதல் கப்பலின் பெயரே வகுப்புப் பெயர் ஆகிவிடும். இந்தியக் கடற்படையில் 1972இல் சேர்ந்த நீலகிரியை வைத்து நீலகிரி வகுப்பு, தங்கைக் கப்பல்கள் ஹிம்கிரி, உதயகிரி, தாராகிரி என்று எல்லாமே மலை. ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் விண்படையும் இதே வழிதான், அதில் டான்யூப் வகுப்புச் சின்னக் கப்பல்களுக்கு கங்கை, மீகொங், வோல்கா என்று ஆறுகளின் பெயர். மலைநாட்டில் இருந்துகொண்டு நாங்கள் மலையையும் அருவியையும் விட்டுவிட்டு வேறு எங்கே போவது? பெரிய போர்க்கப்பல்களுக்கு மலை, வேவு பார்க்கும் வேகக் கப்பல்களுக்கு டெவோன், சென்கிளயர், ரம்பொட, துன்ஹிந்த என்று அருவி.

இங்கே அண்ணன் ஒரு யோசனை சொன்னார், அதற்காகவே இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். உயரத்தைப் பார்த்து 2,524 மீற்றர் பிதுருதலாகலவை முதல் கப்பலாக வைத்திருந்தோம். "முதல் கப்பல் பேரைத்தானே எல்லாரும் நித்தம் சொல்லப் போறீங்க, வாயில லேசா வர்றத வைங்க" என்றார். சரிதான். 2,036 மீற்றர்தான் என்றாலும் நமுனுகுல முதலுக்கு வந்தது. இப்போது அது நமுனுகுல வகுப்பு, சொல்லிப் பார்த்தால் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

மூன்றாவது வகுப்பு ஆள் ஏற்றும் கப்பல்கள். அதன் முதல் கப்பல் ஆதிலட்சுமி. 1864இல் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து நம் ஆட்களை ஏற்றி வந்து கடலில் மூழ்கிய கப்பலின் பெயர். மூழ்கிய பெயர் ராசியில்லை என்று பெரியவன் வீட்டில் சண்டை போட்டிருந்தான். அவனுக்குச் சொன்னதையே கடையிலும் சொன்னேன். 1942 மே மாதம் பவளக் கடல் சண்டையில் அமெரிக்காவின் லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியபோது, அதைக் கட்டிய தளத்துத் தொழிலாளிகளே அந்தப் பெயரைத் திரும்பக் கேட்டார்கள், கபோட் என்ற பெயரோடு அங்கே கட்டிக்கொண்டிருந்த கப்பல் லெக்சிங்டன் ஆனது. ஸ்டார் ட்ரெக்கில் முக்கியக் கப்பலான என்டர்பிரைஸ் அழிந்ததும் அதே பெயர், அதே 1701 எண், பின்னால் ஒரு 'ஏ' மட்டும் சேர்த்து அடுத்த கப்பல் வருகிறது. அந்தப் பெயர் மேல் ரசிகர்களுக்கு எவ்வளவு பாசம் என்றால், 1976இல் கான்ஸ்டிடியூஷன் என்று வைக்க இருந்த நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதி என்டர்பிரைஸ் என்று வைக்கவைத்தார்கள். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பஸ் முதலாளிமாரும் பழைய பஸ்சை வித்தாலும் பேரை விக்க மாட்டாங்க, புது பஸ்சுக்கும் அதே பேர்தான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஆதிலட்சுமி கதையை எங்க அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு பெயரை மட்டும் வெள்ளையில் வேண்டாம், மஞ்சளில் வெட்டுவோம் என்றார்.

வேலை சுத்தம். எல்லாப் பெயரையும், பழைய மென்பொருளிலும் கொம்பு இடம் மாறாத பாமினி எழுத்துருவில் தானே திரும்ப அடித்து, திரையில் என்னை வாசிக்க வைத்த பிறகுதான் மெஷினில் போட்டார். ஐந்து மில்லிமீற்றரில் 'ணொ', 'டு' எல்லாம் பிசகாமல் வந்திருக்கிறது. சுழிக்குள் இருக்கும் பொட்டு ஸ்டிக்கரை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தது அவருடைய மனைவி. அந்த அக்காவின் கைக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

குறையும் உண்டு. மூன்று நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது, போன் எடுக்கவே மாட்டார். பதினொரு கப்பலுக்கு 3,200 ரூபாய், ஓட்டோ ஸ்டிக்கர் விலையோடு பார்த்தால் கூடத்தான், ஆனால் ஊசி வேலைக்கு அது நியாயம். வெள்ளி நிற ஸ்டிக்கர் மட்டும் வாங்க வேண்டாம், எங்கள் பக்கத்து மிஸ்டுக்கும் ஈரத்துக்கும் ஒரே வாரத்தில் ஓரம் கிளம்பிவிட்டது. வெள்ளையும் மஞ்சளும் அப்படியே நிற்கின்றன. ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைத்து, ஹெயார் டிரையரால் லேசாகச் சூடு காட்டச் சொன்னார், அது முக்கியம்.

ஆதிலட்சுமி வகுப்பில் இப்போது மூன்று கப்பல்: ஆதிலட்சுமி, மண்டபம், தலைமன்னார். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு நம் ஆட்கள் வந்த வழியிலேயே பெயர் போகிறது. நாலாவது மாத்தளை, அது இன்னும் பைப்பாகத்தான் கிடக்கிறது. அதற்கான எழுத்தையும் அண்ணன் அதே மஞ்சள் தாளில் மிச்சம் இருந்த இடத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. பெரியவனின் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருக்கிறோம்.