கவனிப்பில்லாமல் வாடிய ஆக்சலாட்டல்: தொட்டியா, டப்பாவா, ஃபிரிட்ஜா?

யாரோ வளர்த்துக் கைவிட்ட ஆக்சலாட்டல் (தலைக்கு வெளியே செவுள்கள் நீட்டியிருக்கும், நீரிலேயே வாழும் சாலமாண்டர்) ஒன்று உங்களிடம் வந்து சேர்கிறது. செவுள் இழைகள் உதிர்ந்து வெறும் காம்பு மட்டும் நிற்கிறது. வயிறு ஒட்டியிருக்கிறது, வால் நுனி சுருண்டிருக்கிறது. இதைக் காப்பாற்ற மூன்று வழிகள் சொல்வார்கள்: பழைய தொட்டியிலேயே வைத்து நீரை மாற்றுவது, தனி டப்பாவில் வைப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது. என் ஓட்டு டப்பாவுக்குத்தான்.

தொட்டியிலேயே விட்டால் அதற்கு அலைச்சல் இல்லை என்று தோன்றும். ஆனால் நாள்பட்ட அழுக்கு நீர் மெல்ல அமிலமாகிவிடும். அந்த அமிலத்தில், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் பெரும்பகுதி, அவ்வளவாகத் தீங்கில்லாத அம்மோனியமாகத்தான் இருக்கும். பாதி நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றினால் அமிலத்தன்மை குறையும்; மிச்சமிருக்கும் அம்மோனியம் நச்சான அம்மோனியாவாக மாறும். நல்லது செய்யப்போய் அன்றைக்கே செவுளைச் சுட்டுவிடுவோம். ஃபில்டர் நன்றாக ஓடும் தொட்டி, லேசான வாட்டம் என்றால் மட்டும் இந்த வழி சரி.

டப்பாவில் இந்தச் சிக்கலே இல்லை. அழுக்கு நீரை அப்படியே விட்டுவிட்டு விலங்கை மட்டும் மாற்றுகிறோம். மூடியில் துளையிட்ட, உடம்பு தாராளமாகத் திரும்பக்கூடிய பிளாஸ்டிக் டப்பா போதும். தினமும் முழு நீரையும் மாற்ற வேண்டும். குளோரின் நீக்கி கட்டாயம். நீரைத் திறந்து வைத்தால் குளோரின் போகும், குழாய் நீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் இன்னொரு பொருளான குளோரமைன் போகாது. வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். பழைய நீர் அதைவிடச் சூடாக இருந்தால் ஒரேயடியாக இறக்காமல், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டுச் சில மணி நேரத்தில் மெல்ல இறக்குங்கள். வேலை அதிகம்தான், ஆனால் தின்றதா, கழித்ததா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஃபிரிட்ஜில் 5 முதல் 8 டிகிரியில் வைத்தால் பூஞ்சை வளர்வது மட்டுப்படும் என்பது உண்மை. கூடவே செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகும். பட்டினியில் எலும்பும் தோலுமாக வந்த உயிருக்கு இப்போது தேவை சாப்பாடு, உறக்கமல்ல. மருத்துவர் சொன்னாலொழிய இந்தப் பக்கமே போக வேண்டாம்.

செவுளில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை இருந்தால் அடுத்த கேள்வி: உப்பா, மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாய மருந்தா? உப்புக் குளியல் வேகமாக வேலை செய்யும். லிட்டருக்கு 2 டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு, 10 நிமிடம், பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். ஆனால் தோலும் செவுளும் ஏற்கெனவே புண்ணாகியிருந்தால் உப்பு எரியும், அப்போது மெத்திலீன் ப்ளூ மென்மையானது. அது ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால் டப்பாவில் மட்டும். செம்பு, மாலகைட் கிரீன் கலந்த மீன் மருந்துகள் வேண்டவே வேண்டாம்.

உப்பிய வயிற்றோடு மிதந்தாலோ, பழைய தொட்டியில் கூழாங்கல் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள். கல்லை விழுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டுக்கு மண்புழுதான். முதலில் சின்னத் துண்டு ஒன்று, செரித்த பிறகு அடுத்தது. அதற்கிடையே புதுத் தொட்டியின் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர்ந்து அது தயாராகட்டும், பல வாரம் ஆகும். அம்மோனியாவும், அதிலிருந்து உருவாகும் நச்சான நைட்ரைட்டும் சோதனையில் 0 காட்டும்வரை டப்பாவே அதன் வீடு.