ரேட்டிங்கில் வராத அந்த 2 மைல்: எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அனுபவம்

ஜெர்சி சிட்டி அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டு எங்கள் பக்கம் வீடு தேடும் நண்பர், "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்று கேட்டார். பள்ளிகளுக்குத் தரும் ரேட்டிங் எல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம். அதில் வராததை எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நியூ ஜெர்சியில் சின்னச் சின்ன ஊர்கள் பலவற்றுக்கும் தனி டிஸ்ட்ரிக்ட், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம், உண்டு. இதே கதை பல ஊர்களுக்கும் பொருந்தும்.

முதலில் நல்லது. என் மகன் கிண்டர்கார்டன் சேர்ந்தபோது தமிழ் மட்டும்தான் பேசுவான். அவனுடைய ஈ.எஸ்.எல். (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் வகுப்பு) ஆசிரியை 'தண்ணி', 'வலிக்குது', 'அம்மா எப்போ வருவாங்க' எல்லாவற்றையும் எங்களிடம் கேட்டு, ஒரு அட்டையில் எழுதி மேஜையில் ஒட்டி வைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் லீவுக்குள் அவன் வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அந்த அம்மாவுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது பஸ். மாநிலச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை வீடு 2 மைலுக்கு மேல் தள்ளியிருந்தால்தான் டிஸ்ட்ரிக்ட் பஸ் விட்டாக வேண்டும்; ஹைஸ்கூலுக்கு 2.5 மைல். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை, பொதுச் சாலை வழியாக எது குறைந்த தூரமோ அதுதான் கணக்கு. எங்கள் வீடு மயிரிழையில் அந்த 2 மைலுக்குள் விழுகிறது; அதனால் பஸ் கட்டாயமில்லை. அந்தச் சாலையில் ஒரு பிள்ளை நடக்க முடியுமா என்பது அளவில் சேராது. எங்கள் தெரு முடிந்து கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகம்) ரோடு தொடங்கும் இடத்தோடு நடைபாதை நின்றுவிடும். ஜனவரியில் வண்டி ஒதுக்கித் தள்ளிய பனி ரோட்டோரம் இடுப்பளவு குவிந்து கிடக்கும். அப்போது நடக்க மிஞ்சுவது கார் போகும் இடம்தான்.

இத்தனை வருஷம் டிஸ்ட்ரிக்ட் தானாக முன்வந்து எங்களுக்கும் பஸ் விட்டது. இந்த வருஷம் அதை நிறுத்திவிட்டார்கள். வேண்டுமானால் பணம் கட்டி சீட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2010-இல் வந்த சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, டிஸ்ட்ரிக்டின் சொத்து வரி வசூலை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டவிடாது. சம்பளமும் டீசலும் பஸ் காண்ட்ராக்டும் அதற்குள் அடங்குவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத பஸ்ஸுக்கு மாநில உதவிப் பணமும் வராது. அப்புறம் அதில்தான் முதலில் கை வைப்பார்கள்.

டிஸ்ட்ரிக்டை நடத்தும் ஸ்கூல் போர்டு மீட்டிங்கில் போய்ப் பேசினேன். சம்பளமே வாங்காத உறுப்பினர்கள், இரவு நேரத்தில் பொறுமையாகத்தான் கேட்டார்கள். நடைபாதை எங்கள் கையில் இல்லை, கவுண்டியைக் கேளுங்கள் என்றார்கள். கவுண்டியில் கேட்டால் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பைக் கை காட்டுகிறார்கள். ப்ராப்பர்ட்டி டாக்ஸ் மட்டும் ஸ்கூல், கவுண்டி, டவுன்ஷிப் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பில்லாக வந்துவிடுகிறது. பிள்ளை நடக்கும் வழிக்கு என்று பொறுப்பெடுக்க ஒருவரும் இல்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நண்பருக்குச் சொல்வது இதுதான். வீட்டுக்கு விலை சொல்லி ஆஃபர் போடும் முன், வீட்டு முகவரியை டிஸ்ட்ரிக்டின் டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆபீஸுக்கு அனுப்பி, பஸ் உண்டா, அது சட்டப்படி வருவதா, அவர்களாக விடுவதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தரகரான ரியல்டரின் வாய்வார்த்தை போதாது. ஆசிரியர்களை நம்பி யாரும் இங்கே வரலாம். ஆனாலும் இந்த வாரம் என்னைக் கேட்டால், எங்கள் தெருப் பக்கம் வராதீர்கள் என்றுதான் சொல்வேன்.